நம் தொகுதியின் மூன்று உறுப்பினர்களும் கோஸ்தாவின் ஓட்டும்

முரளி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன செய்தியைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். நீ பிறந்து வளர்ந்த அதே தொகுதியில் உன்னை நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் அடுத்த மாதம். “அம்மா, நாம அங்க இருந்தப்போ யார் யார் எம்.எல்.ஏ.வா இருந்தாங்கன்னு எழுதி அனுப்பு, பேச்சுல சேர்த்துக்கறேன். நீ பூத்ல வேலை பார்த்ததையும் சொல்லப் போறேன். அந்தத் தொகுதியில தேர்தல் வேலை பார்த்த முதல் தமிழ்ப் பொம்பளைன்னு உன்னை மேடைக்குக் கூப்பிடுவேன்” என்றாய். நான் “பாக்கலாம்டா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நீ கேட்டதை எழுதுகிறேன். ஆனால் நீ கேட்டதோடு நிறுத்த என்னால் முடியாது.

யார் எந்த வருடம் எந்தக் கட்சியில் ஜெயித்தார், எத்தனை ஓட்டு என்பதெல்லாம் நூலகத்தில் இருக்கிற புத்தகத்திலேயே கிடைக்கும். அதில் நம் காலத்துக்கு மூன்று வரி. நாங்கள் சென்னையிலிருந்து பிரெஞ்சு பேசுகிற இந்த மாகாணத்துக்கு வந்தது உலகக் கண்காட்சி நடந்த அறுபத்தேழில். அப்போது அந்த முதல் வரியில் இருக்கிறவர்தான் உறுப்பினர். மருந்துக்கடை வைத்திருந்த கிழவர். சட்டமன்றத்தில் அவர் வாய் திறந்ததே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் ஜான்-டலோன் வீதியில் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு குழந்தை வண்டியில் அடிபட்டபோது, அந்த முனையில் சிவப்பு விளக்கு வைக்கிற வரை ஒவ்வொரு வாரமும் கையில் ஒரு காகிதத்தோடு மாநகராட்சிக்குப் போய் நின்றவர் அவர்தான். தெருவில் யார் இறந்தாலும் வருவார். பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் ஓட்டைப் பற்றிப் பேசாமல் போய்விடுவார். எழுபதில் அவர் தோற்றபோது எங்களுக்கு ஓட்டு இல்லை, குடியுரிமைக்கு ஐந்து வருடம் ஆக வேண்டியிருந்தது. இருந்தாலும் உங்கப்பா அன்று மாலை அவர் கடைக்குப் போய் இருமல் மருந்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை.

இரண்டாமவர் இளம் வக்கீல். நல்ல உயரம், நல்ல குரல். அவர் ஜெயித்த ஆறு மாதத்தில் அந்த அக்டோபர் வந்தது. தனி நாடு கேட்ட தீவிரவாதிகள் ஒரு மந்திரியைக் கடத்திக் கொன்றார்கள், தெருவில் ராணுவ லாரி நின்றது. நீ இரண்டு வயதுக் குழந்தை, சிப்பாயைப் பார்த்துக் கையாட்டுவாய். நான் உன்னை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவேன். உறுப்பினரின் அலுவலக வாசலிலும் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றான். அந்த மாதத்துக்குப் பிறகு அவர் தெருவில் தனியாக நடந்து நான் பார்த்ததில்லை. ஜனங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் வந்துவிட்டார். உறுப்பினரின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட முசியோ ஜெரார். தொகுதியில் எந்த மாடியில் எத்தனை பேர், யாருக்கு என்ன கஷ்டம் என்பது அவருக்கு மனப்பாடம். எல்லாருடைய பெயரையும் சரியாக உச்சரிப்பார். என் பெயரைக்கூட.

எனக்கு என்ன கஷ்டம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. நான் சென்னையில் கணக்கில் எம்.ஏ. படித்து, பி.டி. முடித்து, நான்கு வருடம் பாடம் நடத்தியவள். இங்கே என் சான்றிதழ்கள் கல்வித்துறையில் ஏதோ ஒரு மேஜையில் மூன்று வருடம் கிடந்தன. ஒவ்வொரு முறை கேட்டாலும் இன்னொரு காகிதம் வேண்டும் என்று பதில் வரும். உங்கப்பா பாலங்களுக்குக் கணக்குப் போட்டுச் சம்பாதித்துக்கொண்டிருந்தார், நான் ஒரு துணிக்கடையில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் யாரோ சொல்லி உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனேன். ஜெரார் என் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, “மதாம், இவ்வளவு படித்தவர் பெட்டிக்குச் சீட்டு ஒட்டக் கூடாது” என்றார். ஆறு வாரத்தில் தற்காலிக ஆசிரியர் உரிமம் வந்தது. ஆங்கிலப் பள்ளி ஒன்றில் வேலையும் கிடைத்தது. இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்தால் நிரந்தர உரிமம். அன்று நான் அழுதேன். அந்த மனிதருக்கு நான் ஒரு நாள் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கே தோன்றியது. அவர் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்து மூன்று அக்டோபரில் மறுபடியும் தேர்தல். நாங்கள் குடிமக்களாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஜெரார் வீட்டுக்கே வந்தார். “வாக்குச்சாவடியில் எழுத்தர் வேலை இருக்கிறது மதாம், உங்கள் கையெழுத்து அழகு” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்க, பெயரைத் தேடிக் குறிக்கிற இடத்தில் நான் புடவையோடு உட்காருவேன் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

உனக்குக் கோஸ்தாவை ஞாபகம் இருக்காது. எலெனியை இருக்கலாம். நாம் இருந்தது பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்று மாடி வீட்டின் நடு மாடி. அவர்கள் கீழே. கிரேக்கர்கள், பிள்ளைகள் இல்லை. கோஸ்தா செருப்புத் தைப்பவர். நான் வேலைக்குப் போன பிறகு நீ பள்ளி விட்டு வந்ததும் எலெனியிடம்தான் இருப்பாய். அவர் உனக்கு முட்டையும் எலுமிச்சையும் போட்ட சூப் ஊட்டுவார். முட்டை என்று எனக்குத் தெரியும், நான் தெரியாத மாதிரி இருந்தேன். கோஸ்தா ஓட்டுப் போடுகிற நாளில் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு போவார். “எங்க ஊர்ல ராணுவக் கர்னல்கள் ஆட்சியில உட்கார்ந்திருக்கானுங்க. ஓட்டுப் பெட்டியே கிடையாது. இங்க பெட்டி இருக்கு, நான் குளிச்சிட்டுப் போறேன்” என்று உங்கப்பாவிடம் தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்வார். அந்தச் செப்டம்பரில் வீடு வீடாக வந்து வாக்காளர் பட்டியல் எழுதியவர்களிடம் தன் பெயரை இரண்டு முறை எழுத்துக் கூட்டிச் சொன்னார். மூன்று வாரம் கழித்துக் கடையில் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. நான் சாம்பார் சாதம் செய்து கொண்டுபோய் எலெனியைச் சாப்பிட வைத்தேன். தேவாலயத்துக்கும் போனேன். உறுப்பினர் பெயரில் ஒரு பெரிய மலர் வளையம் வந்திருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவர் ஜெரார்.

தேர்தல் அன்று தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் எங்கள் சாவடி. காலையில் சட்டப்படி நடப்பேன் என்று உறுதிமொழி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இடப்பக்கம் சாவடி அதிகாரி, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். எதிரே இரண்டு கட்சிகளின் ஏஜெண்டுகள். வக்கீலை எதிர்த்து நின்றவர் இந்த மாகாணம் தனி நாடாக வேண்டும் என்று கேட்ட கட்சியின் வேட்பாளர், பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர். அவருடைய ஏஜெண்ட் ஒரு கல்லூரிப் பெண். மதியம் அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு ஆள் வந்தான். முப்பது வயது இருக்கும், மஞ்சள் மீசை. மேஜைக்கு முன்னால் நின்று, பாடம் ஒப்பிப்பது மாதிரி கோஸ்தாவின் முழுப்பெயரையும் நம் வீட்டு விலாசத்தையும் சொன்னான்.

முரளி, என் பேனா அந்தப் பெயர் மேல் நின்றது. சந்தேகம் இருந்தால் அவனைச் சத்தியம் செய்யச் சொல்லலாம் என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. நான் முதல் நாள் கோடு போட்டுப் படித்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், “பெயர் இருக்கிறதல்லவா? குறியுங்கள் மதாம்” என்றார். வக்கீலுடைய ஆளும் கட்சியின் ஏஜெண்ட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நொடியில் கோஸ்தா ஞாபகம் வரவில்லை. நிரந்தர உரிமத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்பதுதான் வந்தது. ‘வாக்களித்தார்’ என்று அவர் பெயருக்கு நேரே எழுதினேன். என்னுடைய அழகான கையெழுத்தில்.

நான்கு மணி சுமாருக்கு எலெனி வந்தார். கறுப்பு உடுப்பு, கறுப்புத் தலைத்துணி. கணவன் போன வீட்டில் பத்தாம் நாள் யார் ஓட்டுப் போட வருவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர் வருவார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் கணவன் பெயருக்கு அடுத்த வரி அவர் பெயர். எனக்குப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அவரே விரலை வைத்துக் காட்டக் குனிந்தார். விரல் மேல் வரியில் நின்றுவிட்டது.

“இது என்ன?” என்றார்.

அதிகாரி, “ஒன்றுமில்லை மதாம், சின்னத் தவறு, உங்கள் ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்.

எலெனி அவரைப் பார்க்கவில்லை. என்னிடம், “நீ சாப்பாடு கொண்டு வந்தாய். நீ அங்கே இருந்தாய். யார் இது? யார் வந்தது?” என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிகாரி நீட்டிய சீட்டை எலெனி வாங்கவில்லை. “அப்படியானால் என்னுடையதும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அப்புறம் அதிகாரி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். “நீ ஒண்ணும் சொல்லாதே. இது அவங்க சண்டை. நாம நேத்து வந்தவங்க” என்றார். அவர் நேர்மையான மனிதர், உனக்குத் தெரியும். ஒரு பாலத்தில் ஒரு கம்பி குறைந்தால் ஒப்பந்தக்காரரோடு மாதக்கணக்கில் சண்டை போடுவார். அன்று அப்படிச் சொன்னார். எனக்கு அது வேண்டியிருந்தது, பிடித்துக்கொண்டேன். அவர் மேல் பழி போட இதை எழுதவில்லை. அவர் “போய்ச் சொல்லு” என்றிருந்தாலும் நான் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

வக்கீல்தான் ஜெயித்தார். எத்தனை ஓட்டு வித்தியாசமோ அத்தனை பேரையும் இரண்டு பேருந்துக்குள் உட்கார வைத்துவிடலாம், அவ்வளவுதான். மறுநாள் எலெனி உன்னை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. நீ கீழே போய்க் கதவைத் தட்டிவிட்டு, அங்கேயே வாசற்படியில் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தாய். நான் வந்து தூக்கிக்கொண்டு போனேன். “எலெனி ஏம்மா தொறக்கல?” என்றாய். “உடம்பு சரியில்லடா” என்றேன். உனக்கு நான் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன்.

தோற்ற ஆசிரியர் வழக்குப் போட்டார். வேறு சாவடிகளிலும் இப்படி நடந்ததாகச் சொன்னார்கள், ஆனால் நேரில் பார்த்ததாகச் சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் கிடைத்தது, எலெனி. குளிர்காலத்தில் எனக்கும் நீதிமன்றத்திலிருந்து ஓலை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஜான்-டலோன் சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஜெரார் பக்கத்தில் வந்து நின்றார். மிரட்டவெல்லாம் இல்லை. “பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது மதாம்? ஜூனில் உரிமம் வந்துவிடும், இல்லையா?” என்று கேட்டுவிட்டு, தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். நான் பொறுக்கிய கிழங்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் எலெனி எனக்கு முன்னால் சாட்சி சொன்னார். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றார். கணவன் பெயரில் யாரோ ஓட்டுப் போட்டார்கள், தான் போடவில்லை, எழுதிய பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்றார். என்னைக் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஆமாம்.”

“இந்தப் பெயரில் வந்தவர் யார்?”

“நாள் முழுக்க நிறையப் பேர் வந்தார்கள். ஞாபகமில்லை.”

உறுப்பினரின் வக்கீல் எழுந்து, மிகவும் மரியாதையாக, “இரண்டு பெயரும் அடுத்தடுத்த வரி. அந்த அம்மாள் ஓட்டுப் போட்டபோது நீங்கள் தவறி மேல் வரியில் குறித்திருக்கலாம், இல்லையா?” என்று கேட்டார்.

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். நான் அதில் நுழைந்தேன். “இருக்கலாம்” என்றேன்.

“அன்று அவர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா?”

“ஞாபகமில்லை.”

இந்த இரண்டாவது ‘ஞாபகமில்லை’தான் முரளி. முதலாவதைக்கூட பயந்த ஒருத்தியின் பொய் என்று விட்டுவிடலாம். இரண்டாவதைச் சொன்னபோது எலெனி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அந்த அம்மாள் ஓட்டுப் போட்டிருக்கிறார், துக்கத்தில் குழம்பிப்போய்ப் போடவில்லை என்று நம்புகிறார் என்று முடிவாயிற்று. வழக்கு தள்ளுபடி ஆனது. வெளியே தாழ்வாரத்தில் தோற்ற ஆசிரியர் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “போன்ஜூர் மதாம்” என்று வணக்கம் சொன்னார்.

ஜூனில் நிரந்தர உரிமம் வந்தது. ஜூலையில் நாம் வீடு மாறினோம். ஏன் திடீரென்று மாறினோம் என்று நீ பெரியவனான பிறகு கேட்டாய், பள்ளிக்குப் பக்கம் என்று சொன்னேன். மாறிய வீடு பள்ளிக்குத் தூரம். வில்லரேயில், அதே தொகுதிக்குள்தான், ஆனால் எலெனி இருக்கும் தெரு இல்லை. இரண்டாம் உறுப்பினரைப் பற்றி நீ மேடையில் சொல்ல வேண்டுமென்றால், அவர் மோசமான மனிதர் இல்லை என்று சொல்லலாம். மஞ்சள் மீசைக்காரனைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருக்கும்படி அவர் பார்த்துக்கொண்டார் என்று மட்டும் நினைக்கிறேன்.

எழுபத்தாறு நவம்பரில் தனி நாடு கேட்ட கட்சி ஜெயித்தது. அந்த வாரம் நம் சிநேகிதர்கள் வீடுகளில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. டாக்டர்கள், பேராசிரியர்கள் எல்லாரும் டொராண்டோவில் வீடு பார்க்கத் தொடங்கினார்கள். ஆங்கிலப் பள்ளிகளை மூடிவிடுவார்கள், நம்மைத் துரத்துவார்கள் என்று பேச்சு. எனக்கு மட்டும் வேறு பயம். நம் தொகுதியில் ஜெயித்தவர் அந்த ஆசிரியர். மூன்றாவது வரி. நான் எவரைத் தோற்கடிக்கப் பொய் சொன்னேனோ அவர் இப்போது அரசாங்கத்தில். என் உரிமம், உன் பள்ளி, எல்லாம் அவர்கள் கையில். தபால்காரர் வரும்போதெல்லாம் உறையின் மூலையில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இரண்டு மாதம் அப்படி இருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராததுதான் தாங்க முடியாமல் போயிற்று. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை உங்கப்பாவிடம் சொல்லாமல் அவர் அலுவலகத்துக்குப் போனேன்.

பழைய துணிக்கடைக்கு மேலே ஒரு அறை. ஜெரார் மாதிரி யாரும் இல்லை, அவரே கதவைத் திறந்தார். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துகொண்டார். நாற்காலியைக் காட்டினார். நான் உட்காராமல், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நடந்ததைச் சொன்னேன். மீசைக்காரன், பேனா, எலெனி, சந்தை, இரண்டு ‘ஞாபகமில்லை’.

முடித்த பிறகு, “எனக்கு இது தெரியும் மதாம். அன்றே தெரியும். ஒரு கேள்விதான். நான் இந்த முறையும் தோற்றிருந்தால் நீங்கள் வந்திருப்பீர்களா?” என்றார்.

பொய் சொல்ல எனக்கு இஷ்டம் இருந்தது. “மாட்டேன்” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். முகம் சிவந்திருந்தது. கோபத்தை அடக்குகிறார் என்று தெரிந்தது. “உங்கள் வேலைக்கு என்னால் ஆபத்து வராது. அதற்காக வந்திருந்தால் போய்விடலாம். நான் மூன்று வருடம் இழந்தேன், திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாள் எங்கே இருக்கிறார் தெரியுமா?” என்றார். தெரியாது என்றேன். வழக்குக்குப் பிறகு, எலெனிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உறவினர்கள் முடிவு செய்துவிட்டார்களாம். ஓட்டுப் போட்டதையே மறந்தவர் அடுப்பை அணைக்க மறக்கமாட்டாரா என்று வீட்டைக் காலி செய்து, செயின்ட்-மிஷேலில் அண்ணன் மகள் வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். தனியாக வெளியே விடுவதில்லை. ஒரு காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். நீதிமன்றத்துக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். “அது உங்கள் விஷயம். முதலில் அங்கே போங்கள்” என்றார். பேச்சில் சேர்க்க உனக்கு ஒன்று வேண்டுமென்றால் இதைச் சேர்த்துக்கொள். நாம் எல்லாரும் பயந்த அந்த மனிதர், என்னைப் பயமுறுத்த எல்லாக் காரணமும் இருந்தும், அதைச் செய்யவில்லை.

அன்று உங்கப்பாவிடம் சொன்னேன். மறுநாள் ஞாயிறு, நல்ல பனி. அவரே கார் சாவியை எடுத்தார். உன்னைச் சிநேகிதர் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார், வர முடியவில்லை என்றார். கதவைத் திறந்தது அண்ணன் மகள். பின்னால் எலெனி. மெலிந்துபோய், தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொல்வார் என்று நினைத்தேன். “உள்ளே வா” என்றார்.

சாப்பாட்டு மேஜையில் அண்ணன் மகளின் கணவரும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். நான் எலெனியிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். “தனியாக வேண்டாம். இவர்களிடம் சொல். என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது? எனக்குத் தெரியும். இவர்களுக்குத்தான் தெரியாது” என்றார். நின்றபடியே சொன்னேன். அண்ணன் மகள் வாக்கியம் வாக்கியமாகக் கிரேக்கத்தில் மற்றவர்களுக்குச் சொன்னாள். நான் “அவர் ஓட்டுப் போடவில்லை, சீட்டை வாங்காமல் போனார், என்னிடம் கேட்டார், எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது” என்று சொன்ன இடத்தில் அவளுடைய குரல் நின்றுவிட்டது. எலெனி மேஜையைத் தட்டி, “சொல்லு” என்றார். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

எல்லாம் முடிந்த பிறகு எலெனி ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “எழுது. உனக்கு நன்றாக எழுத வரும்” என்றார். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி அண்ணன் மகளிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மடித்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உன்னைப் பற்றி மட்டும் கேட்டார், “பையன் சூப் குடிக்கிறானா?” என்று. எனக்கு மனசு அங்கேதான் உடைந்தது. இரண்டு மாதத்தில் எலெனி வில்லரேயில் ஒரு சின்ன வீட்டுக்குத் தனியாகக் குடிபோனதாகக் கேள்விப்பட்டேன். பிறகு சில முறை தூரத்தில் பார்த்திருக்கிறேன், தலையசைப்பார். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் கூடாது.

நீதிமன்றத்துக்கு நான் எழுதவில்லை. இன்று எழுதலாம், நாளை எழுதலாம் என்று இருந்து, உரிமம் போய்விடும் என்ற பயத்தில் எழுதாமலே இருபது வருடம் பாடம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். நான் சொன்ன பொய்தான் இன்றும் அந்தக் கட்டடத்தில் உண்மையாகப் பதிந்திருக்கிறது. அதனால்தான் உன் மேடையில் வந்து நிற்க என்னால் முடியாது.

நீ நில், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் அலுவலகத்துக்கு ஒருத்தி காகிதங்களோடு வருவாள். எத்தனையோ கதவு தட்டிக் களைத்துப்போய் வருவாள். நீ அவளுக்கு நிச்சயம் உதவி செய்வாய், உன் மனசு எனக்குத் தெரியும். செய்த பிறகு அவளை மறந்துவிடு. அவள் பெயரை யாரிடமும் கொடுக்காதே, தேர்தல் நேரத்தில் அவள் வீட்டுப் பக்கம் யாரையும் அனுப்பாதே. நன்றியோடு இருக்கிற ஒருத்தியை என்ன வேண்டுமானாலும் செய்ய வைக்கலாம். வாய் திறந்து கேட்கக்கூட வேண்டாம்.

இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியை நேற்று நம் தமிழ்ச் சங்க மலருக்குக் கொடுத்தேன். மலரின் ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். என் முன்னாலேயே முழுக்க வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஓம் அக்கா, போடுறம். ஆனா தம்பி முரளிக்குத் தெரியுமோ? கூட்டத்துக்கு முதல் இது வெளியில வந்திடும். அவரோட ஒருக்காக் கதைச்சிட்டு, பிறகு தாங்கோவன்” என்றார். வேண்டாம், இப்போதே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ, “இப்ப வேண்டாம்மா, தேர்தல் முடியட்டும்” என்று சொல்லியிருப்பாய். நானும் சரி என்றிருப்பேன்.

அம்மா